கியர் மாற்றத்தைக் கறாராக்க: ஷிஃப்ட் கிட்டா, டியூனா?

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் கியர் மாறும்போது இழுவையாக, குழைவாக இருந்தால் அதைக் கொஞ்சம் கறாராக்க நாலு வழி உண்டு. பழைய பெட்டிகளில் த்ராட்டில் கேபிளை அல்லது என்ஜின் வெற்றிடத்தை வைத்து அழுத்தத்தை மாற்றும் வாக்யூம் மாடுலேட்டரைத் திருகுவது. மின்னணுப் பெட்டிகளில் ஆயில் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் மின் வால்வான பிரஷர் சோலினாய்டின் ஒயரில் ஒரு ரெசிஸ்டரைச் செருகுவது. ஆயில் சம்ப்பை இறக்கி, ஆயிலைக் கிளட்சுகளுக்குப் பிரித்தனுப்பும் வால்வு பாடியில் ஷிஃப்ட் கிட் போடுவது. கடைசியாக, கணினிக்குள் இருக்கும் அழுத்த அட்டவணைகளைத் திருத்தும் டியூன். என் வண்டியில் இருப்பது ஜெனரல் மோட்டார்ஸின் (ஜிஎம்) 4 கியர் மின்னணுப் பெட்டியான 4எல்60இ. எல்லாவற்றையும் அலசிவிட்டு டியூனைத்தான் எடுத்தேன். இந்த எழுத்து முழுக்க அந்தப் பக்கம் சாய்ந்தே இருக்கும்.

மென்மையாக மாறினால் பெட்டிக்கு நல்லது என்று நம்புகிறவர்கள் பலர். பாதிதான் சரி. மாற்றம் நீண்டால் கிளட்ச் தட்டும், டிரம்மைச் சுற்றி இறுக்கும் பேண்டும் அத்தனை நேரம் வழுக்குகின்றன. வழுக்கல் சூடாகிறது, சூடு லைனிங்கைக் கருக்குகிறது, ஆயிலையும் கெடுக்கிறது. மறுபக்கம், மாற்றம் வெடுக்கென்று முடிந்தால் லைனிங் தப்பிக்கும். அடி போய் விழுவது டிரம், ஷாஃப்ட், ஸ்ப்ளைன், யூனிவர்சல் ஜாயின்ட் ஆகிய இரும்புப் பாகங்களில். எனவே எவ்வளவு கறார் என்று மட்டும் கேட்டால் போதாது, எப்போது கறார் என்றும் கேட்க வேண்டும். நாலு வழிகளும் பிரிவது இந்த இடத்தில்தான்.

முதல் இரண்டு வழிகளைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 1982-இல் வந்த 700ஆர்4 பெட்டியில் த்ராட்டில் கேபிள்தான் லைன் பிரஷரை, அதாவது கிளட்சுகளை இறுக்கும் ஆயில் அழுத்தத்தை, தீர்மானிக்கிறது. அதைத் தளர்த்தி வைத்து ஓட்டினால் மாற்றம் பட்டுப்போல இருக்கும். அழுத்தம் போதாமல் 3-4 கிளட்ச் சீக்கிரமே கருகிவிடும். இறுக்கினால் அழுத்தம் கூடுவதோடு கியர் மாறும் வேகமும் தள்ளிப்போகும். அந்தக் கேபிளுக்குச் சரியான நிலை ஒன்றே ஒன்று: பெடலை முழுதாக மிதித்தால் கேபிளும் முழுதாக இழுபட வேண்டும். ருசிக்கேற்பத் திருகிப் பார்க்கும் இடம் அது இல்லை. டிஎச்350 போன்ற பெட்டிகளில் திருகு வைத்த மாடுலேட்டர் கிடைக்கிறது. கொஞ்சம் தாராளமாகத் திருகலாம் என்றாலும், அதிலும் அழுத்தமும் மாறும் வேகமும் கைகோத்தே நகரும்.

ரெசிஸ்டர் வேண்டவே வேண்டாம். 4எல்60இ-யில் பிரஷர் சோலினாய்டுக்கு மின்னோட்டம் குறைந்தால் அழுத்தம் கூடும். ஒயரே அறுந்துபோனாலும் முழு அழுத்தம் வந்து கிளட்ச் தப்பிக்கட்டும் என்று செய்த நல்ல ஏற்பாடு அது. ரெசிஸ்டர் அந்த ஏற்பாட்டை ஏமாற்றி எல்லா நேரமும் அழுத்தத்தை ஏற்றப் பார்க்கிறது. கணினியும் சும்மா இருப்பதில்லை. கேட்ட மின்னோட்டமும் ஓடும் மின்னோட்டமும் ஒத்துப்போகாவிட்டால் பி0748 என்ற பிழைக் குறியீட்டைப் போட்டுவிடும்.

மிச்சம் இரண்டு: ஷிஃப்ட் கிட், டியூன். இவற்றில் எது நல்லது என்று பார்க்க, 1-லிருந்து 2-க்கு மாறும் அந்தக் கணத்தில் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும். இந்தப் பெட்டியில் முதல் கியர் விகிதம் 3.06, இரண்டாவது 1.63. முதல் கியரில் ஓடும்போது ரியாக்‌ஷன் சன் கியரும், அதோடு பிணைந்த சன் ஷெல் என்ற உலோகக் கூடும், அந்த ஷெல்லைப் பிடித்திருக்கும் டிரம்மும் பின்பக்கமாகச் சுழன்றுகொண்டிருக்கின்றன. 2-4 பேண்ட் அந்த டிரம்மை இறுக்கிப் பிடித்து நிறுத்துவதுதான் இரண்டாம் கியர். டிரம் நிற்கும்வரை பேண்ட் வழுக்குகிறது. நிற்கிற அடியைத் தாங்குவது சன் ஷெல்லின் மெல்லிய கழுத்தும் ஸ்ப்ளைனும். இந்தப் பெட்டியில் பேர்போன பலவீனம் அந்த ஷெல்தான். அது போனால் 2, 4, ரிவர்ஸ் மூன்றும் ஒருசேரப் போய்விடும்.

இப்போது கணக்கு. 5,000 ஆர்பிஎம்மில் மாறினால் என்ஜின் சுமார் 2,660-க்கு இறங்க வேண்டும். நிதானமாக ஓட்டி 1,800-இல் மாறினால் சுமார் 960-க்கு. இறங்கும் விகிதம் ஒன்றே; ஆனால் சுழல் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு வளர்வதால், கழித்துக் கொட்ட வேண்டிய ஆற்றல் முதல் சந்தர்ப்பத்தில் 7 மடங்குக்கு மேல். மாறும் நேரம் முழுக்க என்ஜின் தள்ளிக்கொண்டே இருக்கும் விசை இதற்கு மேல் தனி. ஆக லைனிங் தேய்வது, மிதித்து ஓட்டும்போது அழுத்தம் போதாமல்தான். பெடலை லேசாகத் தொட்டு ஓட்டும்போது கம்பெனி கொடுத்த அழுத்தமே தாராளம். அங்கே கூட்டினால் லைனிங்குக்கு ஒரு லாபமும் இல்லை. சன் ஷெல்லுக்கு மட்டும் ஒவ்வொரு தெருமுனையிலும் ஓர் அடி. அன்றாட ஓட்டத்தில் நடக்கும் கியர் மாற்றங்களில் பெரும்பாலானவை இந்த லேசான மிதிப்பு மாற்றங்கள்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், என் சாய்வின் காரணம் புரியும்.

ஷிஃப்ட் கிட் என்ன செய்கிறது? வால்வு பாடியின் செபரேட்டர் பிளேட்டில் ஆயில் போகும் துளையைப் பெரிதாக்குகிறது, பிடிக்கும் அதிர்ச்சியைத் தணிக்கும் அக்குமுலேட்டரின் ஸ்பிரிங்கை மாற்றுகிறது, சில கிட்களில் பிரஷர் ரெகுலேட்டர் ஸ்பிரிங்கும் பூஸ்ட் வால்வும் வரும். 2 மில்லிமீட்டர் துளையை 2.5 ஆக்கினால் பரப்பு 56 சதவீதம் கூடிவிடும். அந்தத் துளைக்குப் பெடல் எவ்வளவு மிதிபட்டிருக்கிறது என்று தெரியாது. லேசான மிதிப்பிலும் அதே தாராளத்தோடுதான் ஆயிலை விடும். அக்குமுலேட்டரை முழுக்க அடைத்துவிடச் சொல்லும் பழக்கமும் சிலரிடம் உண்டு. 4எல்60இ-யில் அக்குமுலேட்டரின் பின்னழுத்தம் என்ஜின் சுமைக்கேற்ப மாறும்படி அமைத்திருக்கிறார்கள். அதை அடைத்தால், மெல்ல மிதித்தால் மென்மை, அழுத்தி மிதித்தால் கறார் என்ற அருமையான ஏற்பாடு போயே போய்விடும். கார்வெட் சர்வோ என்று அழைக்கப்படும், பேண்டை இறுக்கும் பெரிய பிஸ்டனும் அப்படித்தான். அழுத்தம் அதே, பரப்பு கூடுதல், பேண்டைப் பிடிக்கும் விசை எல்லா மிதிப்பிலும் கூடும். ஆனாலும் கிட்டோடு ஒப்பிட்டால் எனக்கு அது பிடிக்கும்: சம்ப்பை இறக்க வேண்டாம், பழைய பிஸ்டனை எடுத்து வைத்தால் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். துளையிட்ட பிளேட்டுக்கு அந்த வழி இல்லை, புதுப் பிளேட்தான்.

கிட் போட்ட பிறகும் கணினியை அப்படியே விட முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு மாற்றமும் எவ்வளவு நேரம் எடுத்தது என்று அது அளக்கிறது. இலக்கைவிட நீண்டால் அடுத்த முறை அழுத்தத்தைக் கூட்டும், சீக்கிரம் முடிந்தால் குறைக்கும். வால்வு பாடி வேகமாகப் பிடிக்க, கணினி அழுத்தத்தைக் குறைக்க, இரண்டும் இழுபறி ஆடும். கடைசியில் கிட் போட்டவரும் டியூனுக்கே வந்து நிற்கிறார்.

டியூனில் எனக்குப் பிடித்ததே, எங்கே கூட்டுவது என்று நானே சொல்லலாம் என்பதுதான். அழுத்த அட்டவணை என்ஜின் முறுக்கு விசையை வைத்து ஓடுகிறது. குறைந்த முறுக்குக் கட்டங்களைத் தொடவில்லை. நடுவில் லேசாக, மேல் கட்டங்களில் சற்று அதிகமாக ஏற்றினேன். பெட்டியின் லைன் பிரஷர் நிற்கும்போது 55 பிஎஸ்ஐ அருகே ஆரம்பித்து, முன்கியர்களில் 190 அருகே முடிகிறது. அந்த உச்சத்தைத் தள்ளும் ஆசை எனக்கு இல்லை, உச்சத்தை நோக்கி ஏறும் பாதையைத்தான் கொஞ்சம் செங்குத்தாக்கினேன். மாற்ற நேர இலக்கையும் அதற்கேற்பச் சற்றுக் குறைத்தேன். தெருவில் ஓட்டும்போது வித்தியாசமே தெரியாது. மிதித்தால் பிடித்து மாறுகிறது.

இந்த இலக்கு நேரத்தைச் சுழியம் ஆக்கிவிடும் குறுக்குவழி ஒன்று பரவலாகப் புழங்குகிறது. எந்த மாற்றமும் சுழிய நேரத்தில் முடியாது. ஆகவே கணினி எல்லாவற்றையும் நீண்ட மாற்றம் என்று நினைத்து, தன் வரம்பு முட்டும்வரை அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போகும். வரம்பு முட்டியும் மாற்றம் நீளுகிறது என்பதைச் சொல்லும் பி1811 குறியீடு பெட்டி தேய்ந்ததற்கான நேர்மையான எச்சரிக்கை. இலக்கைக் கெடுத்தால் அந்த எச்சரிக்கையின் அர்த்தமும் கெட்டுவிடும்.

இன்னொன்று, டார்க் மேனேஜ்மென்ட். மாறும் கணத்தில் கணினி இக்னிஷனைத் தாமதப்படுத்தி என்ஜின் விசையைச் சற்றுத் தணிக்கிறது. சோம்பல் என்று சொல்லி இதை முழுக்க எடுத்துவிடும் டியூன்கள் ஏராளம். எடுத்தால் பேண்ட் நிறுத்த வேண்டிய சுமை கூடும், ஷெல்லுக்கு விழும் அடியும் கூடும்; கறாராக்கப் போய் இரண்டு பக்கத் தேய்மானத்தையும் சேர்த்து வாங்கிக்கொள்வதாகும். ஏறக்குறைய அப்படியே விட்டுவிடுங்கள்.

அளந்து பார்க்க முடிவது டியூனின் அடுத்த பலம். ஸ்கேன் கருவியில் 1-2, 2-3, 3-4 மாற்ற நேரங்கள் தெரியும். கணினி தானாக அழுத்தத்தை எவ்வளவு கூட்டியிருக்கிறது, குறைத்திருக்கிறது என்று காட்டும் அடாப்ட் எண்ணும் தெரியும். டியூனைத் தொடும் முன்பே சூடான பெட்டியோடு இவற்றைப் பதிந்து வையுங்கள். அந்த எண் ஏற்கெனவே மிகையாக ஏறி நின்றால் பெட்டி எங்கோ கசிகிறது என்று பொருள். அப்படிப்பட்ட பெட்டியை டியூன் செய்வது நோயை மூடி மறைப்பது.

அங்கேதான் வால்வு பாடி வேலை டியூனை வெல்கிறது, அதை மறைக்க மாட்டேன். 1-2 அக்குமுலேட்டரில் பழைய பிளாஸ்டிக் பிஸ்டன் விரிசல் விட்டிருந்தால், வால்வு ஓடும் துளை தேய்ந்து கசிந்தால், ஆயில் வழியைத் திறந்து மூடும் செக் பால் அடித்து அடித்துப் பிளேட் துளை விரிந்திருந்தால், எந்த அட்டவணையும் உதவாது. அலுமினியப் பிஸ்டன், நல்ல பிளேட், பழுது நீக்கும் வால்வு என்று போவதே சரி. அது கறாராக்கும் வேலை இல்லை, ரிப்பேர். முடித்துவிட்டு அளந்து பார்த்தால் டியூனே தேவைப்படாமலும் போகலாம்.

என் அனுபவம் மெலிதான இடங்களும் உண்டு. கிட் போட்ட வண்டிகளை ஓட்டிப் பார்த்திருக்கிறேனே தவிர, வைத்துக்கொண்டு பல வருடம் வாழ்ந்ததில்லை. கனமான டிரெய்லரை இழுப்பவருக்குப் பெரும்பாலான மாற்றங்கள் அழுத்தி மிதித்த நிலையில்தான் நடக்கும். அவருக்கு என் கணக்கு தலைகீழாகும், மிதமான கிட்டே பொருத்தமாக இருக்கலாம். 6, 8 கியர் பெட்டிகளில் ஒரு கிளட்ச் விடும்போதே இன்னொன்று பிடிக்கிறது. அங்கே அழுத்தத்தை மட்டும் ஏற்றினால் இரண்டும் ஒரே நேரத்தில் பிடித்து மல்லுக்கட்டும் ஆபத்து உண்டு. அவற்றில் முதலில் ஆயில் மாற்றி, அந்தப் பெட்டிக்குரிய அடாப்டேஷன் (கணினி மறுபடி கற்கும்) முறையைச் செய்து, சில நாள் ஓட்டிவிட்டு முடிவெடுப்பேன்.