பாளையங்கோட்டையில் ஒரு கற்றல் மதிப்பீட்டு மையம்: நாங்கள் கண்ட நிறையும் குறையும்

என் அக்காள் மகன் வீரவநல்லூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் தமிழ்வழியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். பாடத்தில் கேள்வி கேட்டால் வாயால் கடகடவென்று பதில் சொல்லிவிடுவான்; அதே பதிலைத் தாளில் எழுதச் சொன்னால் மூன்று வரிக்கு மேல் பேனா நகராது. ஏழாம் வகுப்பு முடியும்வரை அவனுக்குக் கிடைத்த பெயர்கள் சோம்பேறி, கவனமில்லாதவன், செல்லம் கொடுத்துக் கெட்டவன் என்பவைதான். எட்டாம் வகுப்பில் வந்த அறிவியல் ஆசிரியை ஒருவர்தான் என் அக்காளை அழைத்து, "இவனுக்குப் பாடம் தெரியுது, எழுத்துதான் வரமாட்டேங்கு, ஒரு தடவை டெஸ்ட் பண்ணிப் பாருங்க" என்று சொன்னார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நாங்கள் பாளையங்கோட்டையில் உள்ள தனியார் மதிப்பீட்டு மையம் ஒன்றுக்குப் போனோம். பிள்ளைக்குக் கற்றல் குறைபாடு, அதாவது அறிவுத்திறன் இயல்பாக இருந்தும் வாசிப்பும் எழுத்தும் மட்டும் தடைப்படும் நிலை, இருக்கிறதா என்று சோதிக்கும் இடம் அது. குறைகளையும் சேர்த்தே எழுதுவதால் மையத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். இவற்றில் பல, எந்த ஊரில் எந்த மையத்துக்குப் போகிறவர்களும் முன்கூட்டியே தெரிந்துவைத்திருக்க வேண்டியவை. பிள்ளையைச் சோதித்த விதத்துக்காக அந்த மையத்தை முழு மனதோடு பரிந்துரைப்பேன். சோதனை முடிந்த பிறகு எங்களை வழிநடத்திய விதத்துக்காக அவ்வாறு சொல்ல முடியவில்லை.

முன்பதிவு செய்தபோதே கண்ணையும் காதையும் பரிசோதித்து அந்தச் சீட்டுகளோடு வரும்படி சொன்னார்கள். அப்போது அது வீண் அலைச்சலாகத் தோன்றியது. பார்வையிலோ கேட்பதிலோ குறை இருந்து அதனால் வாசிப்பு தடைப்பட்டால் அதைக் கற்றல் குறைபாடு என்று சொல்லக் கூடாது என்பதால், முறைப்படி நடக்கும் எந்த இடத்திலும் இதுதான் முதல் படி என்பது பிறகு புரிந்தது. மூன்று ஆண்டுகளின் தேர்வுத் தாள்களையும் வீட்டுப்பாட நோட்டுகளையும் கொண்டுவரச் சொன்னார்கள். இரண்டு அமர்வுகளுக்கும் அறிக்கைக்கும் சேர்த்து 6,500 ரூபாய் வாங்கினார்கள். எங்களைப் போன்ற குடும்பத்துக்கு அது சின்னத் தொகை அன்று; ஆனால் இரண்டு நாளில் மொத்தம் ஐந்து மணி நேரம் ஒரே உளவியலாளர் பிள்ளையோடு உட்கார்ந்திருந்தார் என்பதைக் கண்ணால் பார்த்ததால் அதைக் கூடுதல் என்று சொல்ல மாட்டேன்.

முதல் நாள் நுண்ணறிவுத் தேர்வு. இந்தியக் குழந்தைகளுக்கென மலின் என்பவர் 1969இல் தகவமைத்த தேர்வையே வைத்தார்கள். சொற்பொருள், கணக்கு, எண்களைக் கேட்டு அப்படியே திருப்பிச் சொல்லுதல் போன்றவை வாய்மொழிப் பகுதியில் வரும்; கட்டைகளை அடுக்கி வடிவம் அமைத்தல், படத்தில் விடுபட்டதைக் கண்டுபிடித்தல், சிக்கலான பாதையில் வழி காணுதல் போன்றவை செயல் பகுதியில் வரும். அரை நூற்றாண்டுக்கு முன் வகுத்த அளவுகோல் என்ற குறை இதற்கு உண்டு என்பதை உளவியலாளரே ஒளிக்காமல் சொன்னார். பிள்ளையின் பொதுவான அறிவுத்திறன் இயல்பாக இருக்கிறது என்பது உறுதியான பிறகே, வாசிப்பும் எழுத்தும் மட்டும் ஏன் பின்தங்குகின்றன என்ற அடுத்த கேள்விக்குப் போக முடியும். அதற்கான தேர்வுகள் இரண்டாம் நாள் நடந்தன. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனம் உருவாக்கிய தேர்வுத் தொகுப்பை வைத்தார்கள். அதோடு நிற்காமல் அவனுடைய ஏழாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலிலிருந்தும் ஒரு பகுதியை எடுத்து வாசிக்கச் சொன்னார்கள். தமிழ்வழியில் படிக்கிற பிள்ளையை ஆங்கில வாசிப்பைக் கொண்டு மட்டும் எடைபோட்டால் பழக்கக் குறைவும் கற்றல் குறைபாடும் ஒன்றாகத் தெரியும் என்பதால், இந்த மையத்தில் நான் மிக உயர்வாக மதிப்பது இதைத்தான்.

அந்த வாசிப்பின்போது நானும் ஒரு மூலையில் உட்கார அனுமதித்தார்கள். விரலை வரிக்கு அடியில் வைத்துக்கொண்டு வாசித்தான். "கொடுத்தான்" என்பது "கெடுத்தான்" ஆயிற்று. "கேட்டான்" என்பது "கோட்டான்" ஆயிற்று. பிறகு அவனே பொருள் பொருந்தவில்லை என்று திகைத்து, வரியின் தொடக்கத்துக்குத் திரும்பினான். உளவியலாளர் திருத்தவில்லை, தலையைக்கூட அசைக்கவில்லை. தன் பிரதியில் பென்சிலால் சின்னச் சின்னப் புள்ளி மட்டும் வைத்துக்கொண்டே வந்தார். நான்காவது வரிக்குள் பையன் உள்ளங்கையை இரண்டு தடவை கால்சட்டையில் துடைத்துவிட்டான். வாசித்து முடித்ததும் ஐந்து கேள்வி கேட்டார். ஒன்றுக்குத்தான் பதில் வந்தது. பிறகு அதே அளவில் வேறொரு பகுதியை எடுத்து, "இத நான் வாசிக்கேன், நீ கேட்டுக்கிடு" என்று நிதானமாக வாசித்துக் காட்டினார். இந்தத் தடவை ஐந்துக்கும் பதில் சொன்னான். ஐந்தாவது கேள்விக்குப் பாடத்தில் இல்லாத ஒரு காரணத்தையும் தானே சேர்த்துச் சொன்னான். எட்டு ஆண்டுகளாக எங்கள் வீட்டில் யாருக்கும் புரியாதது அந்தப் பத்து நிமிடத்தில் என் கண்முன் புரிந்தது. திரும்பி வரும்போது ரயிலில் அவன் சொன்ன ஒரே சொல், "மாமா, அந்த அக்கா என்னய ஏசவே இல்ல" என்பதுதான்.

பின்னர் விளக்கும்போது, தமிழ் எழுத்தில் கொம்பு மெய்க்கு முன்னால் நிற்கிறது, ஆனால் அதன் ஒலி மெய்க்குப் பின்னால் வருகிறது என்பதையும், "கொ" போன்ற எழுத்தில் கொம்பும் காலும் இரண்டு பக்கமும் நிற்பதை ஒரே பார்வையில் சேர்த்துப் பிடிக்க இவனைப் போன்ற பிள்ளைகள் திணறுவதையும் அவன் நோட்டைக் காட்டியே சொன்னார். மந்திரத்தால் மாறிவிடும் என்றும் சொல்லவில்லை, மருந்து உண்டு என்றும் சொல்லவில்லை.

இனிக் குறைகள். இரண்டு வாரத்தில் தருவதாகச் சொன்ன அறிக்கை, மூன்று தடவை தொலைபேசியில் கேட்ட பிறகு ஏழாவது வாரத்தில்தான் கைக்கு வந்தது. ஒன்பது பக்கமும் ஆங்கிலம். என் அக்காள் அதை வாசிக்க முடியாது. பள்ளியில் அதை முழுதாக வாசித்தவர் அந்த அறிவியல் ஆசிரியை ஒருவரே. தமிழில் ஒரு பக்கச் சுருக்கம் கேட்டோம், அது வழக்கமில்லை என்று சொல்லிவிட்டார்கள். நேரில் அவ்வளவு நுட்பமாகக் கவனித்தவரின் அறிக்கையில், கடைசிப் பக்கத்துப் பரிந்துரைகள் எந்தப் பிள்ளைக்கும் பொருந்தக்கூடிய நான்கு பொது வாக்கியங்களாகவே இருந்தன. வாசித்தபோது ஒரு பதில், கேட்டபோது ஐந்து பதில் என்ற அந்த வேறுபாடு எங்குமே எழுதப்படவில்லை. தேர்வில் கேள்வியை வாசித்துக் காட்டி, இவன் சொல்வதைக் கேட்டு எழுத ஒருவர் ஏன் தேவை என்பதற்கு அதைவிடத் தெளிவான ஆதாரம் வேறென்ன இருக்கிறது? நாங்கள் திரும்பப் போய்க் கேட்ட பிறகு அதையும், நிமிடத்துக்கு எத்தனை சொல் எழுதுகிறான் என்ற அளவையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அதற்குக் கூடுதல் கட்டணம் வாங்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

எல்லாவற்றையும் விட எனக்கு வருத்தம் தந்தது, இந்த அறிக்கை சான்றிதழ் அன்று என்பதை முதல் நாளே யாரும் சொல்லவில்லை என்பதுதான். தனியார் மையத்தின் அறிக்கை பிள்ளையைப் புரிந்துகொள்ளவும் பள்ளியோடு பேசவும் உதவும். பொதுத்தேர்வுச் சலுகைக்கு அரசு மருத்துவக் குழு தரும் மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் வேண்டும். அதை வைத்துத் தலைமையாசிரியர் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். இது தெரியாமல் ஒன்பது பக்கத்தையும் சலுகை ஆணையாகவே நினைத்து நாங்கள் நான்கு மாதம் சும்மா இருந்துவிட்டோம். பிறகு அரசு மருத்துவமனைக்குப் போனபோது, பள்ளியின் கடிதம் இல்லாமல் ஒரு நாள், விடைத்தாள் நகல் இல்லாமல் ஒரு நாள் என்று திரும்பி வந்தோம். அந்தத் தாள்களின் பட்டியலை மையமே ஒரு துண்டுச்சீட்டில் அச்சடித்துக் கொடுத்திருந்தால் என் அக்காளுக்கு இரண்டு நாள் கூலி மிஞ்சியிருக்கும்.

இவனுக்கு இருப்பது போன்ற குறைபாட்டைச் சட்டம் "குறிப்பிட்ட கற்றல் குறைபாடு" என்ற பெயரில் சொல்கிறது. அது 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில்தான் குறைபாடுகளின் பட்டியலில் முதன்முதலாக இடம்பெற்றது. கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடங்களிலிருந்து விலக்கு ஆகியவற்றை அதன் 17ஆம் பிரிவு பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. 2018 ஜனவரியில் வெளியான மத்திய அரசின் நெறிமுறை, எட்டு வயது நிரம்பிய பிறகே சான்றிதழ் தரலாம் என்றும், 14 வயதிலும் 18 வயதிலும் மறுபடி மதிப்பிட வேண்டும் என்றும் வகுத்தது. எங்கள் பிள்ளைக்கு 14 நிரம்பிய பிறகே குழுவின் முன் நின்றோம் என்பதால் பத்தாம் வகுப்புக்கு நடுவில் மறுபடி அலைய வேண்டியதில்லை. பத்து வயதில் சான்றிதழ் வாங்கியவர்கள் இந்தக் கணக்கைக் கட்டாயம் பார்க்க வேண்டும். சான்றிதழில் குறிக்கும் குறைபாட்டின் அளவு, சலுகைகளுக்கு வரம்பாக வைத்திருக்கும் 40 சதவீதத்தைத் தொடவில்லை என்று மனம் உடைந்து உட்கார்ந்துவிடவும் வேண்டாம். எழுதுபவர் வசதியை அந்த 40 சதவீத வரம்புக்குள் மட்டும் அடைத்துவிட முடியாது என்று 2021 பிப்ரவரியில் விகாஸ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

மொழி விலக்கு பற்றி மையத்தில் சொன்னது சரியான அறிவுரை. கிடைக்கிறது என்பதற்காக எடுத்துக்கொள்ள வேண்டாம், எழுதுபவர் கிடைத்த பிறகு அவன் தமிழில் எப்படிச் செய்கிறான் என்று ஓர் ஆண்டு பாருங்கள் என்றார்கள். அவன் தமிழை விரும்புகிறவன். எழுத்துதான் அவனுக்குப் பகை. நாங்கள் விலக்குக் கேட்கவில்லை.

எழுதுபவரோடு தேர்வு எழுதுவதும் ஒரு பழக்கம் என்பதை மட்டும் மையம் முன்பே சொல்லியிருக்கலாம். பள்ளியில் முதலில், "பொதுத்தேர்வுக்குத்தானே, பத்தாம் வகுப்பில் பார்த்துக்கொள்ளலாம்" என்றார்கள். சட்டத்தின் அந்தப் பிரிவை அச்சிட்டு எடுத்துப் போய்ப் பணிவாகக் கேட்ட பிறகு, ஒன்பதாம் வகுப்பு அரையாண்டுத் தேர்விலேயே கீழ்வகுப்பு ஆசிரியர் ஒருவரை எழுத வைத்து, ஒரு மணி நேரமும் கூட்டிக் கொடுத்தார்கள். முதல் நாள் அவன் தன் வேகத்துக்குச் சொல்லிக்கொண்டே போக, அவர் பாதியில் நிறுத்த, அவனுக்கு அடுத்த வரி மறந்துபோயிற்று. கணக்குத் தாளில் ஒவ்வொரு படியையும் வாயால் சொல்லத் தெரியாமல் விடையை மட்டும் சொன்னான். இரண்டு சனிக்கிழமை கல்வித் துறையின் வட்டார வள மையத்துச் சிறப்புப் பயிற்றுநரிடம் உட்கார வைத்து, ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்துவது, எழுதியதைத் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்பது, படிகளைக் கோர்வையாகச் சொல்வது என்று பழக்கினோம். பத்தாம் வகுப்புத் தேர்வு பத்தேகால் மணிக்குத் தொடங்கி ஒன்றேகாலுக்கு முடிவது; இவனுக்கு இரண்டேகால் ஆகும். அவ்வளவு நேரம் இடைவிடாமல் பேசுவதற்கும் உடம்பு பழக வேண்டும்.

எந்த மையத்துக்குப் போனாலும், அறிக்கையில் கையெழுத்திடுபவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று கேட்டு, பதிவு எண் அறிக்கையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், இங்கே இருந்தது. எட்டாம் வகுப்புக்குள் போய்விடுவது நல்லது. அம்பை, கல்லிடைக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் காலை அமர்வையே கேட்டு வாங்குங்கள். எங்களுக்கு முதல் அமர்வை மதியம் இரண்டு மணிக்குத்தான் கொடுத்தார்கள். ரயில் ஏறி, திருநெல்வேலி சந்திப்பில் இறங்கி, டவுன் பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது பையன் கண் செருகிக்கொண்டிருந்தான். உளவியலாளர் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, தேர்வைத் தொடங்காமல் அரை மணி நேரம் பெஞ்சில் படுக்க விட்டார்.