அகலம் கேட்டேன், நீளத்தைக் கொடுத்தார்கள்: 'அளவெடுத்துத் தைக்கும்' ஷூ பற்றி ஓர் எச்சரிக்கை

பாதம் அகலமானவர்களும், பெருவிரல் மூட்டுப் புடைத்தவர்களும், இரண்டு கால்களும் ஒரே அளவில் அமையாதவர்களும், 'அளவெடுத்துத் தைத்துத் தரப்படும்' என்ற பலகையை நம்பி ஒரு கடைக்குள் நுழைவதற்கு முன்பு இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். கடை சென்னையில் இருக்கிறது. என் புகார் நுகர்வோர் ஆணையத்தின் முன் இருப்பதால் அதன் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. அவர்கள் செய்த வேலையை எந்தக் கடையும் செய்யலாம் என்பதால், பெயரைவிட அந்த வேலையைத் தெரிந்துகொள்வதே உங்களுக்குப் பயன்படும்.

நான் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் இயற்பியல் ஆசிரியை. நாளுக்கு ஐந்து, ஆறு பாடவேளைகள் நின்றபடியே கழிகின்றன. எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோயும் இருக்கிறது. என் வலது பாதத்தின் நீளம் 24.2 சென்டிமீட்டர், இடது பாதத்தின் நீளம் 23.8 சென்டிமீட்டர், இதற்கு 5ஆம் எண் ஷூ போதும். ஆனால் விரல்கள் தொடங்கும் மூட்டுப் பகுதியைச் சுற்றித் தையல் நாடாவைப் பிடித்தால் வலதில் 25.5, இடதில் 24.8 என்று காட்டும். அதாவது நீளத்தைவிடச் சுற்றளவு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் அதிகம். இவற்றையெல்லாம் நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்திருப்பதை வீட்டில் கேலி செய்வார்கள். அந்த நோட்டுதான் பின்னால் கைகொடுத்தது.

கடைகளில் இத்தகைய காலுக்குக் கிடைக்கும் ஒரே பதில், "ஒரு சைஸ் கூட்டிப் போட்டுப் பாருங்கம்மா" என்பதுதான். இந்தப் பதில் எங்கே தவறுகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் ஊரில் பெரும்பாலும் புழங்கும் பிரிட்டிஷ் அளவு முறையில் ஓர் எண் கூடினால் நீளம் மூன்றில் ஒரு அங்குலம், அதாவது சுமார் 8.5 மில்லிமீட்டர் கூடும். சுற்றளவு வழக்கமாகக் கால் அங்குலம்தான் கூடும். எனக்குத் தேவைப்படும் சுற்றளவைப் பெற மூன்று எண்கள் ஏறினேன் என்றால், நீளத்தில் முழுதாக ஓர் அங்குலத்தை வேண்டாமலே வாங்கிக்கொள்கிறேன். அதோடு ஷூ மடங்க வேண்டிய இடம் என் மூட்டுக்கு நேராக அமையாமல் விரல்களுக்கு மேலே போய்விடுகிறது, உள்வளைவைத் தாங்க வேண்டிய மேடு பாதத்தின் வேறோர் இடத்தில் குத்துகிறது, குதிகால் ஒவ்வோர் அடிக்கும் கழன்று கழன்று ஏறுகிறது. அகலமான கால் என்பது நீளமான கால் அல்ல. வெளிநாட்டு நிறுவனங்கள் சில ஒரே நீளத்தில் மூன்று, நான்கு அகலங்களை எழுத்துக் குறியீடு போட்டு விற்பதன் காரணம் இதுவே. நம் கடைகளில் அந்தக் குறியீட்டைக் கேட்டால் விற்பனையாளர் நம்மைத்தான் விநோதமாகப் பார்க்கிறார்.

சென்ற ஆண்டு ஜூன் மாதம் அந்தக் கடைக்குப் போனேன். வெள்ளைத் தாளில் என் இரு பாதங்களையும் நிற்கவைத்துப் பென்சிலால் வரைந்தார்கள், நாடாவால் மூன்று இடங்களில் சுற்றளவு எடுத்தார்கள், புடைத்த மூட்டைத் தொட்டுப் பார்த்துக் குறித்துக்கொண்டார்கள். இத்தனை ஆண்டுகளில் என் காலை இவ்வளவு மரியாதையாக யாரும் அளந்ததில்லை என்பதால் நான் அங்கேயே ஏமாந்துவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். என் பாதத்துக்கென்று தனியாக அச்சு செய்து, அதன் மேல் தோலை இழுத்துத் தைப்பதாகக் கூறி 6,800 ரூபாய் விலை சொன்னார்கள். 4,000 ரூபாய் முன்பணம் கொடுத்தேன். அதற்கு ஒரு துண்டுச் சீட்டில் தொகையையும் 'லேடீஸ் ஷூ 1' என்பதையும் மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். நானும் மடித்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

மூன்று வாரத்தில் தருவதாகச் சொன்னது ஏழு வாரமாயிற்று. கொடுத்த அன்று போட்டுப் பார்த்தபோது விரல்களுக்கு நெருக்கடி இல்லை, அதுவே பெரிய நிம்மதியாக இருந்தது. முனையில் இடம் அதிகமாக இருக்கிறதே என்று கேட்டேன். "புதுசுல அப்படித்தான் இருக்கும் மேடம், போடப் போட செட் ஆயிடும்" என்றார்கள். இறுக்கமான தோல் ஷூ போடப் போடத் தளரும் என்பது உண்மை. தளர்வான ஷூ போடப் போடச் சுருங்கும் என்பது எந்த இயற்பியலிலும் இல்லை. அதை அந்த இடத்தில் நான் யோசித்திருக்க வேண்டும்.

இரண்டாவது வாரம் பள்ளி மாடிப்படியில் ஷூவின் முனை தட்டித் தடுமாறினேன். கைப்பிடிச் சுவர் இருந்ததால் விழவில்லை. அதற்கடுத்த நாள் மாலை காலுறையைக் கழற்றும்போது குதிகால் பக்கம் ரூபாய் நாணயம் அளவுக்கு ஈரக் கறை தெரிந்தது. கொப்புளம் உடைந்திருக்கிறது, எனக்கு வலியே தெரியவில்லை. மருத்துவர் நைலான் இழை ஒன்றைப் பாதத்தில் பல இடங்களில் தொட்டுப் பார்த்துவிட்டு, குதிகாலில் உணர்ச்சி குறைந்திருப்பதாகச் சொன்னார். சர்க்கரை நோயாளிகள் 'வலித்தால் கழற்றிவிடலாம்' என்ற கணக்கில் ஷூ வாங்கக் கூடாது என்பதை அன்று புரிந்துகொண்டேன். புண் ஆற ஐந்து வாரம் ஆனது. அதுவரை சர்க்கரை நோயாளிகள் போடும் மெத்தென்ற ரப்பர் செருப்பான எம்.சி.ஆர். செருப்போடுதான் வகுப்புக்குப் போனேன்.

உண்மை வெளிப்பட்டது எங்கள் பேருந்து நிறுத்தத்தின் அருகே செருப்புத் தைக்கும் பெரியவரிடம். குதிகால் பக்கம் ஏதாவது ஒட்டித் தர முடியுமா என்று கேட்கத்தான் போனேன். அவர் ஷூவை வாங்கி உள்ளே விரலை விட்டுப் பார்த்தார். நாக்குப் பகுதியின் உட்புறத்தில், சிறிய செவ்வகத்தின் நான்கு ஓரங்களிலும் வரிசையாக ஊசித் துளைகள் இருந்தன, ஒரு மூலையில் அறுந்த வெள்ளை நூல் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அங்கே ஒரு லேபிள் தைக்கப்பட்டிருந்து, பிரிக்கப்பட்டிருக்கிறது. பிறகு அடிப்பாகத்தைத் திருப்பினார். சோல் முழுவதும் மங்கலாக இருக்க, வளைவுப் பகுதியில் மட்டும் கட்டைவிரல் அளவுக்கு ஓர் இடம் தேய்த்ததுபோல் வழவழப்பாக, மெல்லிய கோடுகளோடு இருந்தது. வார்ப்பிலேயே பதிந்திருந்த எண்ணைக் கிரைண்டரில் தேய்த்திருக்கிறார்கள் என்றார். கடைசியாக இன்சோலை ஓரத்தில் நெம்பித் தூக்கியபோது, அடியிலிருந்த அட்டையில் 8 என்று அச்சடித்த சிறு தாள் முழுதாக ஒட்டியிருந்தது. "டீச்சர், இது தச்ச ஷூ இல்ல. ஃபேக்டரி மால். ஆம்பளைங்க எட்டாம் நம்பர கட்டைல போட்டு இழுத்திருக்காங்க" என்றார்.

ஆக, என் காலுக்கென்று அச்சும் இல்லை, தையலும் இல்லை. ஆண்களுக்கான 8ஆம் எண் ஷூவை வாங்கி, விரிக்கும் கட்டையில் சில நாள் வைத்து, எண்ணை அழித்து என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். இடது, வலது பாதங்களின் வேறுபாட்டுக்காக இடது பக்கம் கூடுதலாக ஓர் இன்சோல் போட்டதுதான் அவர்கள் செய்த ஒரே வேலை.

திரும்பிப் போய்க் கேட்டபோது, முதலில் மறுத்தார்கள். 8 என்று அச்சடித்த தாளைக் காட்டியதும், 'ஆர்டர் பொருளுக்குப் பணம் திருப்பித் தரப்படாது' என்று சுவரில் இருந்த அறிவிப்பைக் காட்டினார்கள். கடைசியாகக் கடைக்காரர், "உங்க கால்தான் மேடம் ஒரு மாதிரி, எந்த ஷூவும் சேராது" என்றார். எனக்குப் பணத்தைவிட இந்தச் சொல்தான் உறுத்தியது. சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடு முழுவதும் 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பாதங்களை அளந்து பார்த்தது. இந்தியர்களின் பாதம் பொதுவாக ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களைவிட அகலமானது என்றும், அகலம் போதாமல் பலர் தேவைக்கு மேல் நீளமான ஷூவைப் போட்டுக்கொள்கிறார்கள் என்றும் அந்த ஆய்வு கண்டது. அதன் அடிப்படையில் 'பா' என்ற புதிய இந்திய அளவு முறையும் முன்வைக்கப்பட்டது. அந்தக் கடையிலிருந்து அரை மணி நேரப் பயணத்தில் இருக்கும் நிறுவனம் அது.

நான் செய்யத் தவறியவற்றை நீங்கள் செய்யுங்கள். அளவு கொடுக்க மாலையில் போங்கள், பாதம் அப்போதுதான் சற்று வீங்கியிருக்கும். வரைந்த தாளைக் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உண்மையில் அச்சு செய்து தைப்பவர், தோலை ஒட்டி முடிப்பதற்கு முன் ஒருமுறை வந்து போட்டுப் பார்க்கச் சொல்வார். அப்படி அழைக்கவே இல்லையென்றால் சந்தேகப்படுங்கள். ஷூவை வாங்கும்போது நாக்கின் உட்புறத்தையும், சோலின் வளைவையும், இன்சோலுக்கு அடியையும் பாருங்கள். கையால் மடக்கினால் அது உங்கள் பெருவிரல் மூட்டுக்கு நேராக மடங்குகிறதா என்று பாருங்கள், நடந்து பார்க்கும்போது குதிகால் கழல்கிறதா என்று கவனியுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, 'பாத அளவுப்படி அச்சு செய்து தைத்தது' என்ற வாசகத்தோடு முறையான ரசீது கேளுங்கள். தராவிட்டால் முன்பணம் கொடுக்காதீர்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி ரசீது தர மறுப்பதும், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும் முறையற்ற வணிகமே. சுவரில் எழுதி ஒட்டிவிட்டால் அது மாறிவிடாது.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பேசிப் பதிவு செய்தேன். அதன் பிறகு கடையிலிருந்து 2,000 ரூபாய் தருவதாக அழைத்தார்கள், நான் ஒப்புக்கொள்ளவில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம், பொருளின் விலை ஐந்து லட்சம் ரூபாய்க்கு உட்பட்டால் கட்டணமும் இல்லை. துண்டுச் சீட்டு, பணம் அனுப்பிய கைபேசிப் பதிவு, மருத்துவரின் சீட்டு, என் அளவு நோட்டு ஆகியவற்றோடு கொடுத்திருக்கிறேன். விசாரணைத் தேதி வந்திருக்கிறது. பெரியவர் பசை தடவித் தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்று, வலது ஷூவின் இன்சோலைத் தூக்கிய நிலையிலேயே பையில் கட்டி வைத்திருக்கிறேன்.