பெரிய ஹார்ட் டிஸ்கை நல்ல விலையில் வாங்குவது: சென்னை வீடொன்றின் நெடுநாள் அனுபவம்

வானொலியிலிருந்து அப்பா நாடாக்களில் பதிந்து வைத்திருந்த கச்சேரிகள், மூன்று தலைமுறையின் புகைப்படங்கள், குடும்பத் திருமணங்களின் ஒளிப்பதிவுகள் ஆகிய அனைத்தும் மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீட்டிலுள்ள இரண்டு டிஸ்க் கொள்ளும் ஒரு நாஸ் பெட்டியில், அதாவது வீட்டு வலையமைப்பில் இணைந்த சேமிப்புப் பெட்டியில், இருக்கின்றன. பல ஆண்டுகளாக இதற்கு டிஸ்குகள் வாங்கியும் மாற்றியும் வருகிறேன். குறைந்த விலைக்குக் கிடைத்த டிஸ்க் எல்லாம் உண்மையில் மலிவானதாகிவிடாது என்பதே இத்தனை நாள் பயன்பாட்டில் எனக்கு உறுதிப்பட்டது.

விலையை டெராபைட்டின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்ப்பது பலரும் செய்வது. நான் அதை மேலும் ஒருமுறை, இந்தியாவில் செல்லுபடியாகும் வாரண்டி ஆண்டுகளால் வகுக்கிறேன். 8 டெராபைட் டிஸ்க் ஒன்று மூன்றாண்டு வாரண்டியுடன் 16,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், டெராபைட்டுக்கு ஓராண்டுக்கு ஏறத்தாழ 667 ரூபாய் ஆகிறது. அதே அளவு டிஸ்க் ஐந்தாண்டு வாரண்டியுடன் 20,000 ரூபாய் என்றால் அது 500 ரூபாய்தான். சீகேட்டின் ஐயன்வுல்ஃப், வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் பிளஸ், தோஷிபாவின் என்300 ஆகியவை மூன்றாண்டு வாரண்டி கொண்டவை. ஐயன்வுல்ஃப் ப்ரோ, ரெட் ப்ரோ, எக்ஸோஸ் ஆகியவற்றுக்கு ஐந்தாண்டு. தள்ளுபடிக் காலங்களில் இவ்விரு வகைகளின் விலையும் நெருங்கிவரும்போது, மேல்வகையை எடுப்பதே லாபம்.

இந்தக் கணக்கு சென்னையின் மின்னணுப் பொருள் சந்தையான ரிச்சி தெருவில்தான் உண்மையான சோதனைக்கு உள்ளாகிறது. அண்ணா சாலையிலிருந்து உள்ளே நுழைந்து, நரசிங்கபுரம் தெரு வரை நான்கைந்து கடைகளில் ஒரே மாடலுக்கு விலை கேட்டால், ஒவ்வொரு கடையிலும் ஒரு விலை சொல்வார்கள். அந்த வேறுபாட்டின் காரணம் பெரும்பாலும் இரண்டு கேள்விகளில் வெளிப்பட்டுவிடும். முதலாவது, பில் உண்டா என்பது. 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேராத விலையைச் சொல்லித்தான் சிலர் பேச்சைத் தொடங்குகிறார்கள். இரண்டாவது, கம்பெனி வாரண்டியா, கடை வாரண்டியா என்பது. “கடை வாரண்டி சார், ஒரு வருஷத்துக்குள்ள எது ஆனாலும் மாத்திக் கொடுத்துடுவோம்” என்று சொல்பவர் நேர்மையாகவே சொல்லக்கூடும். ஆனால் அந்த வாக்குறுதியின் ஆயுள் அந்தக் கடையின் ஆயுளைப் பொறுத்தது. ஆகவே பணம் தருவதற்கு முன்பே, டிஸ்கின் மேல் ஒட்டியிருக்கும் வரிசை எண்ணை அங்கேயே நின்று உற்பத்தி நிறுவனத்தின் தளத்தில் உள்ளிட்டுப் பார்க்கிறேன். ஒருமுறை, கவர்ச்சியான விலைக்கு நீட்டப்பட்ட ஒரு டிஸ்கின் எண்ணைத் தந்ததும், அது ஒரு கணினியின் பாகமாக விற்கப்பட்டது என்றும் வாரண்டிக்கு அந்தக் கணினி விற்றவரையே அணுக வேண்டும் என்றும் பதில் வந்தது. அதை வாங்காமல் திரும்பினேன். நல்ல கடைக்காரர்கள் இவ்வாறு சரிபார்ப்பதற்கு முகம் சுளிப்பதில்லை. சுளிக்காத அத்தகைய ஒரு கடைக்கே நான் மீண்டும் மீண்டும் செல்கிறேன்.

இணைய விற்பனைத் தளங்களில் ஜூலையிலும், தீபாவளிக்கு முந்தைய வாரங்களிலும் வங்கி அட்டைத் தள்ளுபடி சேரும்போது, ரிச்சி தெருவை விடவும் விலை இறங்குவதுண்டு. ஆயினும் அங்கே விற்பவர் யார் என்பதைப் பார்த்தாக வேண்டும். மெல்லிய பிளாஸ்டிக் உறைக்குள் டிஸ்கைப் போட்டு அனுப்பிய ஒரு விற்பனையாளரிடமிருந்து வந்ததை, இயக்கிப் பார்க்காமலேயே திருப்பி அனுப்பினேன். கூரியரில் விழுந்து அடிபட்ட டிஸ்க் முதல் நாளில் நன்றாக ஓடி, பின்னர் சில மாதங்களில் கெடக்கூடும்.

விலை மிகவும் தாழ்ந்திருந்தால் டிஸ்க் தரவை எழுதும் முறையைக் கவனியுங்கள். எஸ்.எம்.ஆர் முறையில் தரவுத் தடங்கள் கூரை ஓடுகளைப் போல ஒன்றன் விளிம்பின் மேல் ஒன்று ஏறியிருக்கும். ஓரிடத்தில் மாற்றி எழுத வேண்டுமானால் அடுத்தடுத்த தடங்களையும் சேர்த்து எழுத நேர்கிறது. படங்களைச் சேமித்துவைத்துப் பார்ப்பதற்கு இது போதும். ஆனால் ஒரு டிஸ்க் கெட்டாலும் தரவு தப்பும்படி பல டிஸ்குகளைச் சேர்த்து இயக்கும் ரெய்டு அமைப்பில் ஒரு டிஸ்க் கெட்டு, புதியதில் அனைத்தையும் மீட்டெழுதும்போது இதன் வேகம் வெகுவாகக் குறைந்துவிடும். 2020 ஏப்ரலில் வெஸ்டர்ன் டிஜிட்டல், நாஸுக்கென்றே விற்ற ரெட் வரிசையின் 2 முதல் 6 டெராபைட் வரையிலான டிஸ்குகளில் இம்முறை இருப்பதை ஒப்புக்கொண்டது. அதன் பிறகே, தடங்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறாத சி.எம்.ஆர் டிஸ்குகள் ரெட் பிளஸ் என்ற பெயரில் தனியாக வந்தன. சீகேட்டின் 8 டெராபைட் பாரகுடாவும் எஸ்.எம்.ஆர்தான். நாஸ் பெட்டிக்கு சி.எம்.ஆர் தவிர வேறெதையும் நான் வாங்குவதில்லை.

பழைய டிஸ்குகளைப் புதிதென்று விற்பதும் நடக்கிறது. 2025 ஜனவரியில் ஜெர்மனியின் ஹைசே இதழ், பல்லாயிரம் மணி நேரம் ஓடிய சீகேட் எக்ஸோஸ் டிஸ்குகள் புதியவையாக விற்கப்பட்டதை வெளிக்கொணர்ந்தது. அவற்றில், டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பதிவின் ஓடிய மணி நேரம் அழிக்கப்பட்டிருந்தது. ஆனால் சீகேட் டிஸ்குகளில் இருக்கும் ஃபார்ம் என்னும் இன்னொரு பதிவு உண்மையைக் காட்டிக்கொடுத்தது. டிஸ்கின் பதிவுகளைப் படிக்கும் ஸ்மார்ட்சிடிஎல் மென்பொருளின் 7.4 பதிப்பிலிருந்து இந்தப் பதிவை நாமே படிக்கலாம். சீகேட் டிஸ்க் எதை வாங்கினாலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

அதன் பிறகு முழுச் சோதனை. 8 டெராபைட் டிஸ்க் நொடிக்குச் சராசரியாக 180 மெகாபைட் வேகத்தில் ஓடினால், ஒருமுறை முழுவதும் எழுத ஏறத்தாழ பன்னிரண்டு மணி நேரம் ஆகும். எழுதியதைப் படித்துச் சரிபார்க்க மேலும் அவ்வளவு நேரம். இதைச் சலிக்காமல் செய்து முடித்து, ஸ்மார்ட் பதிவில், கெட்டுப்போன அல்லது கெடத் தொடங்கிய பகுதிகளைக் குறிக்கும் 5, 197, 198 ஆகிய எண்களுக்கு எதிரே பூஜ்யம் இருக்கிறதா என்று பார்க்கிறேன். மூன்றில் ஒன்று ஏறியிருந்தாலும், திருப்பித்தரும் கெடு முடிவதற்குள் டிஸ்க் கடைக்குப் போய்விடும். தரவு கடத்தும்போது நேரும் பிழைகளைக் குறிக்கும் 199 மட்டும் ஏறினால் பெரும்பாலும் டிஸ்கை இணைக்கும் சாட்டா கேபிளையே முதலில் மாற்றிப் பார்க்க வேண்டும்.

சென்னையின் அக்கினி நட்சத்திர நாட்களில், மூடிய அலமாரிக்குள் இருந்த பெட்டியில் டிஸ்கின் வெப்பம் ஐம்பது பாகையைத் தாண்டியது; காற்றோட்டமான கூடத்துத் தாழ்வாரத்துக்கு மாற்றியபின் நாற்பதுகளின் தொடக்கத்திலேயே நிற்கிறது. மின்தடையின்போது எழுதுவது பாதியில் அறுபடாதிருக்க ஒரு சிறிய யுபிஎஸ் வைத்திருக்கிறேன். அதன் விலையையும் டிஸ்கின் விலையோடு சேர்த்தே கணக்கிடுகிறேன்.

இரண்டு டிஸ்குகளையும் ஒரே நாளில் ஒரே கடையில் வாங்காமல், வெவ்வேறு தயாரிப்புத் தொகுதியைச் சேர்ந்தவையாக இடைவெளி விட்டு வாங்குகிறேன். ரெய்டு என்பது டிஸ்க் கெட்டால் காக்குமே தவிர, தவறுதலாக அழித்த கோப்பைக் காக்காது. அதனால் மூன்றாவதாக, தள்ளுபடியில் வாங்கிய பெரிய வெளிப்புற டிஸ்க் ஒன்றில் முழுநகல் எடுத்து, தாம்பரத்தில் தங்கை வீட்டில் வைத்திருக்கிறேன். இந்த ஒரு வேலைக்கு எஸ்.எம்.ஆர் போதும், இங்கே மட்டும் டெராபைட்டுக்கு மிகக் குறைந்த விலை எது என்று பார்த்தே வாங்கினேன்.