டவுட் ஆப்: பதினான்கு மாதத்துக்குப் பிறகு

ஆபீஸ் தோழி நேற்று கேட்டாள்: "அந்த ஆப் இப்போ பாதி விலைக்குத் தர்றாங்களாம்க்கா, பையனுக்கு வாங்கிடட்டுமா?" சட்டென்று வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். காரணம் சொல்ல டீ இடைவேளை போதவில்லை. அதனால்தான் இது.

போட்டோ எடுத்துப் போட்டால் கணக்கைப் போட்டுத் தரும் ஆப்தான். மகள் ப்ளஸ் ஒன் சேர்ந்ததும் வாங்கினோம். இப்போது ப்ளஸ் டூ. முதலில் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். விடைகள் அநேகமாக எல்லாமே சரி. அவசரக் கையெழுத்தையும் படித்துவிடும். ராத்திரி பதினோரு மணிக்கு, டியூஷன் சாருக்கு போன் போட முடியாத நேரத்தில், ஒரு நாள்கூடக் கைவிட்டதில்லை.

என் கோபம் ஒன்றே ஒன்றுதான். அது பிள்ளையை யோசிக்க விடுவதில்லை. போட்டோ எடுத்த சில நொடியில் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை மொத்தமும் வந்து நிற்கும். நீ எதுவரைக்கும் போட்டாய் என்று கேட்பதே கிடையாது. குறிப்பு மட்டும் கொடு என்று சொல்ல ஒரு பட்டன் இல்லை. மூன்று தடவை எழுதிக் கேட்டேன். மூன்று தடவையும் நன்றி சொல்லி ஒரே பதில்.

போன வருஷம் காலாண்டுத் தேர்வில் இதன் விளைவைப் பார்த்தேன். ஹோம்வொர்க் நோட்டில் பதினோரு சாய்தளக் கணக்கு, எல்லாம் சரி. ஒன்றில்கூட விசைகளைக் காட்டும் படம் இல்லை. தேர்வில் 30 டிகிரி சாய்தளத்தில் சறுக்கும் பெட்டி, உராய்வுக் குணகம் (பரப்பு எவ்வளவு பிடிக்கும் என்று சொல்லும் எண்) 0.2, முடுக்கம் என்ன என்று கேட்டிருந்தார்கள். தளத்தின் வழியே இழுப்பது எடையின் சைன் கூறு. இவள் அங்கே கொசைனையும், உராய்வில் கொசைன் வர வேண்டிய இடத்தில் சைனையும் போட்டிருந்தாள். 3.2 வர வேண்டிய இடத்தில் 7.5.

அன்று சாயங்காலம் பரீட்சை அட்டை மேல் ஜாமெட்ரி பாக்ஸை வைத்து, ஒரு முனையைத் தூக்கச் சொன்னேன். மெதுவாகத் தூக்கினாள். நகரவில்லை, நகரவில்லை, அப்புறம் சர்ரென்று வழுக்கியது. அட்டையை அந்த உயரத்திலேயே பிடித்துக்கொண்டு ஸ்கேலால் அளந்தோம். உயரம் 12 செ.மீ., மேஜை மேல் அடிநீளம் 27.5. வகுத்தால் 0.44. பாக்ஸுக்கும் அட்டைக்கும் இடையிலான நிலை உராய்வுக் குணகம் அதுதான். "பாக்ஸோட எடையே தெரிய வேண்டாமாம்மா?" என்றாள். விசைப்படம் வரையச் சொன்னேன். இரண்டு பக்கமும் எடை அடிபட்டுப் போவதை அவளே கண்டுபிடித்தாள். அதுவரை அந்த ஆப் அவளை ஒரு கேள்வி கேட்க வைத்ததில்லை.

நுண்கணிதத்துக்கு வுல்ஃப்ராம் ஆல்ஃபா என்ற கணக்குப் போடும் இணையதளம் எங்களுக்கு நன்றாகக் கைகொடுக்கிறது. விடை இலவசம், முழுப் படிகளைப் பார்க்கத்தான் காசு. நாங்கள் காசு கட்டவில்லை, அதுவே நல்லதாகப் போயிற்று. போன வாரம் எக்ஸ் இன்ட்டு ஈ பவர் எக்ஸைத் தொகையிட்டாள். இவளுக்கு அடைப்புக்குள் எக்ஸ் பிளஸ் ஒன்று, அங்கே எக்ஸ் மைனஸ் ஒன்று. எங்கே தப்பு என்று யாரும் சொல்லவில்லை. தன் விடையைத் திரும்ப வகையிட்டுப் பார்த்தாள். எக்ஸ் வராமல் எக்ஸ் பிளஸ் இரண்டு வந்தது. பகுதித் தொகையிடலில் மைனஸை விட்ட வரியை இருபது நிமிஷத்தில் தானே பிடித்தாள். அப்போது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

தோழியின் பையன் இப்போதுதான் ப்ளஸ் ஒன். அவனுக்கு வேண்டாம், பாதி விலை என்றாலும் வேண்டாம். ஆனால் நான் என் சந்தாவைப் போன வாரம்தான் பொதுத்தேர்வு முடியும் வரை புதுப்பித்தேன். அந்தப் பதினோரு மணி உதவியை இந்த வருஷம் விட எனக்கு மனம் வரவில்லை. ஆப் இப்போது என் போனில் மட்டும்தான் இருக்கிறது. படம் வரைந்து, நின்றுபோன வரியையும் காட்டினால்தான் திறப்பேன். அதற்கு அடுத்த ஒரு வரியை மட்டும் வாசித்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்துவிடுவேன்.