நாசாவின் இலவச போஸ்டர்: இரண்டு சூரியன், இரண்டு நிழல்

எங்கள் பள்ளி லேப் சுவரில் சுண்ணாம்பு பெயர்ந்த இடத்தை மறைக்கப் படம் தேடினேன். அப்போது கிடைத்தது இது. தூரத்துக் கோள்களுக்குச் சுற்றுலா கூப்பிடுகிற மாதிரி 2015-இல் நாசா வெளியிட்ட போஸ்டர்களில் ஒன்று, கெப்ளர்-16பி. இறக்கிக்கொள்ளக் காசு கிடையாது. விண்வெளி உடையில் ஒருவர் நிற்கிறார். வானத்தில் இரண்டு சூரியன், தரையில் இரண்டு நிழல். 'உங்கள் நிழலுக்கு எப்போதும் துணை உண்டு' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி.

முதல் பிரிண்ட் வீண். வாட்ஸ்அப்பில் வந்த படத்தையே கடையில் கொடுத்துவிட்டேன். இரண்டடிக்கு மூன்றடியில் கட்டம் கட்டமாக உடைந்துவிட்டது. தப்பு என்னுடையதுதான். அப்புறம் நாசா தளத்தின் பெரிய பிடிஎஃப்பை எடுத்து, பளபளப்பில்லாத தாளில் போட்டேன். 380 ரூபாய். கண்ணை ஒட்டி வைத்துப் பார்த்தாலும் எழுத்து கலங்கவில்லை.

படம் அழகு, அறிவியல்தான் கொஞ்சம் இடிக்கிறது. 2011-இல் கெப்ளர் தொலைநோக்கி கண்டுபிடித்த இந்தக் கோள் கிட்டத்தட்ட சனி அளவு. நிற்கத் தரை கிடைப்பதே சந்தேகம். வாயுக் கோளாகவும் இருக்கலாம் என்று தளத்தின் குறிப்பிலேயே சொல்லிவிடுகிறார்கள். அது போகட்டும். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான்: "சார், எந்நேரமும் ரெண்டு நிழல்தானா?"

மேசையில் ஒரு சாக்பீஸை நிறுத்தி, இரண்டு செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்தோம். விளக்குகள் தள்ளியிருந்தால் இரண்டு நிழல். ஒன்றுக்குப் பின்னால் ஒன்று வந்ததும் நிழல் ஒன்றாகிவிட்டது. அங்கேயும் அதே கதைதான். இரண்டு சூரியன்களும் 41 நாளில் ஒன்றையொன்று சுற்றுகின்றன. கோள் அவற்றை 229 நாளில், ஏறத்தாழ அதே சமதளத்தில் சுற்றுகிறது. ஆகவே சில வாரங்களுக்கு ஒருமுறை ஒரு சூரியன் மற்றதை மறைத்தே ஆகவேண்டும். தவிர, சின்னச் சூரியன் ரொம்ப மங்கல். கெப்ளர் பார்த்த ஒளியில் பெரியதன் நூற்றில் இரண்டு பங்குகூட வராது. ஒரு டார்ச்சின் மேல் நாலாய் மடித்த கைக்குட்டையைப் போட்டோம். இரண்டாவது நிழலைத் தேடத்தான் வேண்டியிருந்தது.

ஐந்துக்கு நாலு நட்சத்திரம். நாலும் ஓவியருக்கு. போஸ்டர் சுவரில்தான் இருக்கிறது. 'எப்போதும்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பக்கத்தில் யாரோ பென்சிலால் கேள்விக்குறி போட்டிருக்கிறார்கள். யார் வேலை என்று தெரியும், அழிக்கச் சொல்லவில்லை.