ஏ.டி.ஹெச்.டி: மிஸ் பாக்கறத டாக்டர்கிட்ட எப்படி கொண்டு போறது? வாய்ல சொல்றதா, ஃபார்மா, வாட்ஸ்அப்பா, டைரியா

ஒரு புள்ளைக்கு ஏ.டி.ஹெச்.டி, அதாவது கவனக்குறைவு, அடங்காத துறுதுறுப்பு, இல்ல ரெண்டும் சேர்ந்த கோளாறுன்னு முடிவு பண்ணணும்னா அறிகுறி ரெண்டு இடத்துலயாவது தெரியணும், 12 வயசுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிருக்கணும், இது டாக்டருங்க மனநல கோளாறுகள முடிவு பண்ண பாக்கற டிஎஸ்எம்-5 கையேட்டுல இருக்கறது. அதனால வீட்டு நெலவரத்த மட்டும் கேட்டு டாக்டர் முடிவு சொல்ல முடியாது, கிளாஸ்ல நடக்கறது அவருக்கு தெரிஞ்சே ஆகணும். சேலத்துல பெத்தவங்க இதுக்கு நாலு விதமா வழி பண்றாங்க, நாலும் ஒண்ணு கிடையாதுங்க.

ரொம்ப பேர் பண்றது வாய்ல சொல்றதுதான். ஏற்காட்டுலருந்து 20 கொண்டை ஊசி வளைவு எறங்கி வந்து ஓபில காத்திருந்து உள்ள போனா, மிஸ் பத்து நிமிஷம் சொன்னது "சேட்டை ஜாஸ்தியாம் டாக்டர்"னு ஒத்த வரியா சுருங்கிடுது. அத விட பெரிய பிரச்சன நேரம். ஏ.டி.ஹெச்.டிக்கு குடுக்கற சாதா மெத்தில்ஃபெனிடேட் மாத்திரை ஏறக்குறைய 4 மணி நேரம்தான் வேலை செய்யும், காலைல 8 மணிக்கு குடுத்தா மத்தியானத்துக்குள்ள எறங்கிடும், அம்மா புள்ளைய பாக்கறது சாயங்காலம் 5 மணிக்கு, அப்போ "மாத்திரை கேக்கவே இல்ல"ன்னுதான சொல்லுவாங்க? மொத ரெண்டு பீரியடு நல்லா உக்காந்து எழுதினான், சாப்பாட்டுக்கு அப்புறம்தான் முடியலன்னு சொல்லக்கூடிய ஒரே ஆள் மிஸ்தான், டிபன் பாக்ஸ் அப்படியே மூடியோட திரும்புதுன்னு, அதாவது பசி குறைஞ்சிருக்குன்னு, மொதல்ல கவனிக்கறதும் பெரும்பாலும் அவங்கதான்.

அடுத்தது ஃபார்ம். ஏ.டி.ஹெச்.டி அறிகுறிய பத்தி மிஸ் நிரப்பி தர்ற வாண்டர்பில்ட் டீச்சர் ஃபார்ம்ல 43 கேள்வி, ஒவ்வொரு அறிகுறிக்கும் 0லருந்து 3 வரைக்கும் மார்க். சத்தமே போடாம ஜன்னலையே பாத்துட்டு இருக்கற பொண்ணுங்கள யாரும் கம்ப்ளெயின்ட் பண்றதே இல்ல, இந்த ஃபார்ம்ல மொத 9 கேள்வியும் கவனக்குறைவ பத்திங்கறதால அவங்களும் தெரிய வருவாங்க, அதுக்காகவே எனக்கு இது மேல தனி மரியாத உண்டு. ஆறாவதுக்கு மேலன்னா ஒரு மிஸ் பத்தாது, காலைல ஒருத்தர் மத்தியானம் ஒருத்தர்னு ரெண்டு பேர்கிட்ட வாங்குங்க. ஆனா ஃபார்ம் போகும், பதில் வராது. உக்காந்து நிரப்பின மிஸ்ஸுக்கு டாக்டர் என்ன முடிவு பண்ணாருன்னே தெரியாது, அடுத்த தடவ அவங்களுக்கு எப்படிங்க ஆர்வம் வரும்?

வாட்ஸ்அப் வேகம்தான், ஆனா கிளாஸ் க்ரூப்ல ஒரு புள்ளையோட மாத்திரைய பத்தி வரவே கூடாது. மனநல பராமரிப்புச் சட்டம் 2017 ரகசியத்த நோயாளியோட உரிமைன்னே சொல்லுது. பெத்தவங்களும் இருக்கற தனி சாட்ல, புது மாத்திரை ஆரம்பிச்ச வாரம் அவசரத்துக்கு மட்டும்னா சரி.

என்னோட ஓட்டு டைரிக்குதான். புள்ளைக்கு ரெண்டு மூணு இலக்கு மட்டும், "கேட்டுட்டு எழுந்திரிக்கணும்", "கணக்கு நோட்ட முடிக்கணும்" இந்த மாதிரி, பீரியடு வாரியா மிஸ் ஒரு டிக் போட்டா போதும், அரை நிமிஷ வேலை, சாயங்காலம் வீட்டுல அத பாத்து பாராட்டலாம், வெளிநாட்டுலயும் டெய்லி ரிப்போர்ட் கார்டுன்னு பல வருஷமா பண்றதுதான். எந்த நேரத்துல டிக் குறையுதுன்னு டாக்டருக்கு பாத்த உடனே புரிஞ்சிடும். மெத்தில்ஃபெனிடேட் ஷெட்யூல் எக்ஸ் மருந்து, அதாவது விக்கறதுக்கு கடும் கட்டுப்பாடு உள்ள பட்டியல்ல இருக்கறது, சீட்டு ரெண்டு காப்பி வேணும், சும்மா கடைல கேட்டா தர மாட்டாங்க, எப்படியும் டாக்டர பாக்க போகணும், அப்பவே டைரியையும் எடுத்துட்டு போயிடுங்க.

புதுசா கண்டுபிடிக்கற கட்டத்துல ஃபார்ம் இல்லாம டைரி மட்டும் பத்தாது, அது வேற. வைத்தியம் ஆரம்பிச்சப்பறம் டைரிய நடத்துங்க, கடைசி பக்கத்துல டாக்டர் கையாலயே மிஸ்ஸுக்கு மூணு வரி எழுதி வாங்குங்க: மாத்திரை எத்தன மணிக்கு, எத கவனிக்கணும், அடுத்த ரிவ்யூ என்னிக்கு. கேட்டா எழுதி தருவாங்க, கூச்சப்படாம கேளுங்க.