பெரியப்பாவோட ரெண்டு பக் 119 கத்தி, பார்க்க இரட்டை மாதிரி இருக்கும், ஏமாந்துடாதீங்க

பெரியப்பா போனப்புறம் அவர் பெட்டிய பிரிச்சா ரெண்டு பக் 119 ஸ்பெஷல் (பக்-ங்கிறது அமெரிக்க கத்தி கம்பெனி), ரெண்டும் மடக்காத வேட்டைக் கத்தி, 6 இன்ச் பிளேடு, கருப்பு கைப்பிடி, அலுமினிய கார்டு (கை பிளேடு மேல வழுக்காம கைப்பிடி முன்னாடி இருக்குற தடுப்பு). ஒரே நாள்ல ஜோடியா வாங்கினதுன்னு பெரியம்மா சொன்னாங்க, நானும் அப்படியே நம்பி ரெண்டையும் ஒரே துணில சுத்தி வெச்சுட்டேன்.

அப்புறம் ஒரு நாள் சும்மா லென்ஸ் எடுத்து கார்டுக்கு மேல பிளேடு ஆரம்பிக்கிற இடத்துல இருக்குற ஸ்டாம்பப் பாத்தேன். ஒண்ணுல பக், அதுக்குக் கீழ யு.எஸ்.ஏ., அவ்ளோதான், மாடல் நம்பரே இல்ல. இன்னொண்ணுல மூணு வரி, 119-ன்னு நம்பர், அதுகிட்ட பொடியா ஒரு வி. நம்பர் போட ஆரம்பிச்சது 70-கள் ஆரம்பத்துல, அதனால முதல் கத்தி அதுக்கு முந்தினது. 1986-ல இருந்து பக் கம்பெனி வருஷத்துக்கு ஒரு குறி போடுறாங்க, வி-ன்னா 1988. ஜோடியாம் ஜோடி! கிட்டத்தட்ட 16 வருஷமாவது வித்தியாசம்.

இது வெறும் பழைய கத்தி சேக்குறவங்க கிறுக்கு இல்ல, கல்லுல வெச்சாலே தெரியுது. 1981 வரைக்கும் 440சி ஸ்டீல், அப்புறம் 425எம், இப்ப வர்றது 420ஹெச்சி. 88 கத்தி பத்து நிமிஷத்துல கூர் வந்துடுச்சு, பழசு அரை மணி நேரம் தேய்ச்சும் மசியல, கை வலிச்சதுதான் மிச்சம். ஆனா கூர் வந்துட்டா சும்மா மழுங்காது, அது வேற விஷயம்.

பொறுமை இல்லாம நான் பண்ண தப்பு என்னன்னா பழச ஒரு சாணை பிடிக்கிறவர்ட்ட குடுத்தேன், அவர் நான் கேக்காமலே பஃப் வீல்ல (பாலீஷ் போடுற சக்கரம்) போட்டு கண்ணாடி மாதிரி ஆக்கிக் குடுத்தார், யு.எஸ்.ஏ.-ல பாதிய காணோம். வயிறு எரிஞ்சுது. நல்லவேளை போட்டோ எடுத்து வெச்சிருந்தேன். நீங்களும் சுத்தம் பண்றதுக்கு முன்னாடி ஸ்டாம்ப போட்டோ எடுத்துடுங்க, அப்புறம் மெல்லிசா எண்ணெய் தடவி விட்டாலே போதும்.

கத்தி உறையப் பாத்து வருஷம் சொல்லாதீங்க, ரெண்டு கத்தியும் ஒரே அளவு, எது எதுல வேணா போகும், நாப்பது வருஷத்துல எத்தன தடவ மாறுச்சோ. தோல் உறைலயே போட்டும் வைக்காதீங்க, ஈரம் பிடிச்சு எங்க பிளேடுல புள்ளி புள்ளியா கறை, உறையோட பட்டன்ல பச்சையா களிம்பு. அப்புறம் பிளேடுல நீளமா ஒரு பள்ளம் இருக்கே, அது ரத்தம் வழியறதுக்குன்னு மச்சான் ஒருத்தன் கதை விட்டான், அதெல்லாம் இல்லப்பா, எடை கொஞ்சம் குறையும், அவ்ளோதான்.

அஞ்சுக்கு மார்க் போட்டா பழசுக்கு 5, 88-க்கு 4, அந்த உறை பட்டனுக்கு 2.